பதினொரு விநாடி முகம்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். விளக்கம் பிறகு.

1. இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, துபாய்க்குக் கிழக்கே புஜைராவில் ஒரு கல்யாண மண்டபத்தின் பெண்கள் பகுதியில் கேமராவோடு நின்றிருந்தேன்.
2. விருந்துக்கு வந்திருந்த ஒருவரின் முகத்தைப் பதினொரு விநாடி படம் எடுத்தேன். எடுக்கக் கூடாது.
3. அவர் பார்த்துவிட்டார். வந்து கேட்டார். எடுக்கவில்லை என்றேன். அது பொய்.
4. டேப்பை ஓட்டிப் பார்த்தார்கள். முகம் இருந்தது.
5. மணப்பெண்ணின் தாயார் டேப்பை வாங்கித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மணப்பெண் மண்டபத்துக்குள் நடந்து வந்த காட்சியும் அதே டேப்பில்தான் இருந்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது.
6. சனிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு வழி சொன்னார். யோசிக்க மூன்று நாள் கேட்டேன்.
7. இன்று காலை என் பாஸ்போர்ட் என் கைக்கு வந்தது. விடுமுறைக்காக அல்லாமல் அது என்னிடம் வருவது ஆறு வருடத்தில் இதுவே முதல் முறை.

துபாய்க்கு வந்து இந்த மாதத்தோடு ஆறு வருடம் ஆகிறது. அதையும் சேர்த்து எழுத நினைத்தேன். ஆனால் ஆறு வருடத்தில் சொல்லக்கூடியது எல்லாம் மேலே உள்ள ஏழு வரிக்குள் வந்துவிடுகிறது.

ஒன்று

இங்கே அரபுக் கல்யாணம் என்றால் இரண்டு மண்டபம். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் பகுதியில் அபாயா என்ற கறுப்பு மேலங்கியைக் கழற்றிவிட்டு, தலை பின்னி, நகை போட்டு, ஆடிப் பாடுவார்கள். அந்நிய ஆண் கண்ணில் படாத இடம் என்பதால்தான் அந்தச் சுதந்திரம். வாசலில் ஒரு பெண் உட்கார்ந்து, கேமரா வைத்த செல்போன்களை வாங்கி, எண் எழுதிய உறையில் போட்டு வைப்பார். உள்ளே போகும் ஒரே கேமரா எங்களுடையது. அதைப் பிடிப்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து எடிட் செய்பவரும் பெண்ணாக இருக்க வேண்டும். அல் குசைஸில் உள்ள எங்கள் ஸ்டூடியோவில் ஆண்கள் எட்டுப் பேர், பெண் நான் ஒருத்தி. என் அறைக்கு மட்டும் உள்பக்கம் தாழ்ப்பாள் உண்டு. வேலை முடிந்ததும் எல்லா டேப்பும் அந்தக் குடும்பத்துக்கே போய்விடும். எங்களிடம் ஒரு பிரதிகூட இருக்காது.

ஆகவே எனக்கு இந்த வேலை கிடைத்ததற்குத் திறமை காரணம் இல்லை. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, கோவில்பட்டியில் சித்தப்பாவின் ஸ்டூடியோவில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே சட்டம் நேர்மாறு. பந்தியில் இலை இலையாகப் போய் ஒவ்வொரு முகத்தையும் எடுக்க வேண்டும். ஒரு முகம் விட்டுப்போனால் பெரிய தகராறு. ஒருமுறை மாப்பிள்ளையின் தாய்மாமன் கேசட்டோடு கடைக்கே வந்துவிட்டார். “வாசல்ல கட்டியிருந்த ஆட்டுக்குட்டி ரெண்டு தடவ வருது. நான் ஒரு தடவகூட வரல. ஆட்டுக்குட்டியா தாலி எடுத்துக் குடுத்துச்சு?” என்றார்.

துபாயில் எனக்கு முன் வேலை பார்த்த ஃபிலிப்பினோ பெண், ஊருக்குப் போகும் முன் என் நோட்டில் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். மணப்பெண்ணின் முகம், எடுக்கலாம். சின்னக் குழந்தைகள், எடுக்கலாம். மற்றவர்களின் கைகள், மருதாணி, காலணி, முதுகு, எடுக்கலாம். கேக், பூ, தாராளமாக. மற்றவர்களின் முகம், கூடாது. மணப்பெண்ணின் தாயாரே கைகாட்டிச் சொன்னால் ஒழியக் கூடாது. கடைசி வரி: மணப்பெண் உள்ளே வந்த உடன் டேப்பை மாற்று.

முதல் மாதம் நோட்டைப் பார்த்து எடுத்தேன். ஆறாவது மாதம் நோட்டு தேவைப்படவில்லை. ஒரு முகம் ஃபிரேமுக்குள் வந்தால் என் மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கும். தூக்கத்தில்கூட இறங்கியிருக்கும். ஆடும் பெண்களின் கைகளை மட்டும் வைத்து ஒரு முழுக் கல்யாணத்தையும் சொல்லக் கற்றுக்கொண்டேன். குடும்பங்கள் என்னைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது, மறைக்கவில்லை.

இரண்டு

ரெஹேமாவை ஒரு மண்டபத்தின் ஒப்பனை அறையில்தான் சந்தித்தேன். மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்யும் ஒரு கடையில் தலைமுடி வேலை பார்த்தாள். தான்சானியாவின் உட்பகுதியில், ஷின்யாங்கா பக்கம் ஒரு கிராமத்துக்காரி. என்னைவிட மூன்று வயது இளையவள். என்னை ‘தாதா’ என்று கூப்பிடுவாள். ஸ்வாஹிலியில் அதற்கு அக்கா என்று பொருள். நம்மூரில் தாதா வேறு ஆள் என்று சொன்னதும் அவள் சிரித்த சிரிப்பில் மணப்பெண்ணின் கொண்டை அவிழ்ந்தது. இருவருக்கும் சொந்தமில்லாத இந்தியில், நடுவே அரபியும் ஆங்கிலமும் போட்டுப் பேசுவோம்.

இரண்டு வருடம் பழகிய பிறகு ஒரு நாள், மணப்பெண் வரத் தாமதமானபோது, இடியாப்பச் சிக்கலாகக் கிடந்த சவுரியைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

“எனக்கு ஒரு பையன் இருந்தான், தாதா. பதினாலு மாசம். ரெண்டு நாள் வயித்தால போச்சு. தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு மாமியார் சொன்னாங்க. நானும் குடுக்கல.”

ஒரு சிக்கை விரலால் பிரித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

“ஆஸ்பத்திரில டிவி இருந்துச்சு. அதுல ஒரு டாக்டர், கோட்டுப் போட்டவரு, உப்பு சர்க்கரைத் தண்ணின்னு சொல்லிட்டேதான் இருந்தாரு. பெரிய பட்டணத்து ஸ்வாஹிலி. எங்க வீட்டுல பேசுறது சுகுமா. மாமியார் அந்த டாக்டரோட மூக்குக்கண்ணாடிய வேடிக்கை பாத்துட்டு வந்தாங்க.” பிறகு சீப்பை வைத்துவிட்டு, “நீ எடுப்பியா? எங்க பாஷையில?” என்று கேட்டாள்.

எடுக்கிறேன் என்றேன். அந்த நேரத்துக்குச் சொன்ன பதில் அது. ஆனால் ரெஹேமா அதை மறக்கவில்லை. பர் துபாய்க்குப் பின்னால் ஒரு சிறிய தொண்டு அமைப்பைத் தேடிப்பிடித்து, புரொஜெக்டரும் ஜெனரேட்டரும் இரவல் வாங்கினாள். கேமராவும் எடிட் செய்ய லேப்டாப்பும் என்னுடையவை. போன வருடம் செப்டம்பரில், ஊருக்குப் போக வேண்டிய வருடாந்தர லீவை எடுத்துக்கொண்டு அவளோடு கிளம்பினேன். அந்த லீவில்தான் அம்மா என்னைப் பெண் பார்க்க ஒரு குடும்பத்தை வரச் சொல்லியிருந்தாள்.

“ஏட்டி, ஆப்பிரிக்காவுல உனக்கு என்ன சோலி?”

“ஒரு படம் எடுக்கணும்மா. கலாஸ், டிக்கெட் போட்டாச்சு.”

“கலாஸாம் கலாஸு. ஏட்டி, முடிஞ்சுதுன்னு தமிழ்ல சொல்லு. மாப்பிள்ளை வீட்டுக்கும் இதையே சொல்லவா நான்?”

மூன்று

கிராமத்தில் பதினாறு நாள். ரெஹேமாவின் தங்கை நேமா அங்கே மருந்தகத்தில் நர்ஸ். படத்தின் குரல் அவளுடையது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், ஆறு மட்டத் தேக்கரண்டிச் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கலக்குவது, ஆற்றுவது, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுவது. பதினெட்டு நிமிடப் படம்.

கலக்கிக் காட்ட யார் வருவீர்கள் என்று நேமா கேட்டபோது முன்னால் வந்தவர் ரெஹேமாவின் மாமியார், கபுலா. எனக்கு வியப்பாக இருந்தது. ரெஹேமாவுக்கு இல்லை. ஊரில் யாரும் கபுலாவைக் குறை சொன்னதில்லை, ஆனால் பேரன் போன பிறகு அவரே யார் வீட்டுக் குழந்தைப்பேற்றுக்கும் உதவப் போனதில்லை என்றாள். கபுலா அன்று நல்ல துணி உடுத்தி, தலைக்குப் புதுத் துண்டு கட்டி வந்தார். கலக்கிக்கொண்டே நிறையப் பேசினார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் கைகள் எனக்குப் பிடித்திருந்தன. நரம்போடிய, உறுதியான கைகள். சர்க்கரை விழும்போது வெளிச்சம் அதில் அழகாகப் பட்டது.

கடைசி நாளுக்கு முந்தின மதியம், பள்ளிக்கூட அறையின் ஜன்னல்களைச் சாக்கால் மூடி, வெள்ளை விரிப்பில் படத்தைப் போட்டோம். எண்பது பேர் இருப்பார்கள். முதலில் சுகுமாவில் குரல் வந்ததும் ஒரே ஆரவாரம். பிறகு மெல்ல மெல்ல அமைதி. நான் அதை ஈடுபாடு என்று நினைத்தேன். படம் முடிந்ததும் யாரோ ஒருவர் கேட்டார், எல்லாரும் தலையாட்டினார்கள். ரெஹேமா எனக்குச் சொல்லவில்லை. இரண்டு முறை கேட்ட பிறகுதான் சொன்னாள்.

“இது யாரோட கைன்னு கேக்கறாங்க. எந்த ஊர்ப் பொம்பளைன்னு.”

படத்தில் முகமே இல்லை. பதினெட்டு நிமிடமும் கைகள், பானை, கரண்டி, குழந்தையின் வாய், மடி. பேசும் குரல் யாருடையது என்று தெரியாது. கலக்கும் கை யாருடையது என்று தெரியாது. ஐந்து வருடம் பழகிய மணிக்கட்டு, யாரும் சொல்லாமலே, கபுலாவைக் கழுத்துக்குக் கீழே வைத்திருந்தது.

கபுலா எழுந்து வந்து என் முன்னால் நின்றார். கோபமாக இல்லை. ரெஹேமாவைப் பார்த்தே பேசினார். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “அவங்க கலக்கும்போது என்ன சொன்னாங்கன்னா, ‘நான் கபுலா, என் பேரனுக்கு நான் தண்ணி குடுக்க விடல, நீங்க குடுங்க’ன்னு சொன்னாங்களாம். ஊரு பாக்கத்தான் வந்தாங்களாம். இந்தப் பொண்ணுக்கு என் மூஞ்சியப் பாக்க வெக்கமான்னு கேக்கறாங்க.”

அந்தக் குரலை நான் படத்தில் சேர்க்கவே இல்லை. பின்னணிச் சத்தம் என்று குறைத்துவிட்டு நேமாவின் குரலை வைத்திருந்தேன்.

அன்று மாலை முழுவதும் ஒன்பது டேப்பையும் ஓட்டிப் பார்த்தேன். கபுலாவின் முகம் இரண்டு விநாடிக்கு மேல் எங்கும் இல்லை. வந்து, உடனே கீழே இறங்கிவிடுகிறது. மறுநாள் கபுலாவுக்குக் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் எனக்கு விமானம். நவம்பரில் மழை வந்தது. எல்லா வருடமும் போல அந்த மழையோடு வயிற்றுப்போக்கும் வந்ததாக நேமா எழுதியிருந்தாள். யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று அவள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

ரெஹேமா துபாய்க்குத் திரும்பவில்லை. மாதம் ஒருமுறை போனில் பேசுவாள். முடிக்கும்போது எப்போதும் ஒரே வாக்கியம்: “மழைக்கு முன்னால வா, தாதா. கபுலா கேக்கறாங்க.”

நான்கு

நான் தங்கியிருப்பது யாழ்ப்பாணத்து வசந்தி அக்காவின் ஃபிளாட்டில் ஓர் அறை. அவருக்கு ஏழு வயதில் ஒரு மகள், அபி. தாய் தமிழில் கேட்பார், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவரும் அப்படியே சண்டைகூடப் போடுவார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததும் அபியை உட்கார வைத்து முகம் எடுத்துப் பழகினேன். பேசும் முகத்தில் கேமராவை நிறுத்த வேண்டும், இறக்கக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் அரை மணி நேரம். நல்ல பயிற்சி. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்கவில்லை.

புஜைராவில் மணப்பெண் உள்ளே வந்து மேடையில் அமர்ந்தாயிற்று. டேப் மாற்ற வேண்டிய நேரம், இன்னும் மாற்றவில்லை. மூன்றாவது வரிசையில் பச்சை உடை அணிந்த ஒரு பெண், நாற்பது வயதிருக்கும், தனியாக உட்கார்ந்து, ஒலிபெருக்கியில் வந்த பாட்டை உதட்டால் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். கண் நிறைந்திருந்தது. என் கேமரா அங்கே நின்றுவிட்டது. மணிக்கட்டு இறங்கவில்லை. கேமராவின் முன்னால் எரிந்த சிவப்பு விளக்கை அவர் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

எழுந்து நேராக வந்தார்.

“லேஷ்?” ஏன் என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

“மாஃபி ஃபேஸ், மேடம். மாஃபி,” என்றேன். முகம் இல்லை என்று. வாய் தானாகச் சொன்னது.

மணப்பெண்ணின் அக்கா வந்து டேப்பை ஓட்டச் சொன்னார். கேமராவின் சிறிய திரையில், மூன்று பேர் குனிந்து பார்த்தோம். முகம் வந்தது. நின்றது. பதினொரு விநாடி. அந்தப் பெண் தன் முகத்தையே பார்த்து, சட்டென்று உள்ளங்கையால் திரையை மூடினார். அந்தக் கையை நான் மறக்க மாட்டேன். அந்த இடத்தை மட்டும் இப்போதே அழித்துவிடுகிறேன் என்றேன். பொய் சொன்னவளின் அந்த வார்த்தையை அவர்கள் ஏன் நம்ப வேண்டும்? மணப்பெண்ணின் தாயார் கையை நீட்டினார். டேப்பை எடுத்துக் கொடுத்தேன். மேடையிலிருந்து மணப்பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். தான் நடந்து வந்த காட்சியும் அந்த டேப்போடு போகிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அந்தக் குடும்பம் என்னைத் திட்டவில்லை. சாப்பிடாமல் போகாதே என்றுகூடச் சொன்னார்கள். நான் காரில் போய் உட்கார்ந்தேன்.

ஐந்து

முதலாளி ஜோஸேட்டன் திருச்சூர்க்காரர். பத்து வருடம் கோயம்புத்தூரில் இருந்ததால் தமிழ் வரும்.

“எந்தா மோளே, ஆறு வருஷத்துல ஒரு கம்ப்ளெய்ன்ட் இல்ல. இப்ப எந்து பற்றி, என்ன ஆச்சு?”

சொன்னேன். ஆப்பிரிக்கக் கதை அவருக்குத் தெரியும்.

“சரி. இனி நீ கேமரா தொட வேண்டா. அறைக்குள்ள இருந்து எடிட்டிங் மாத்ரம் செய். ஸ்ரீலங்காவுலருந்து ஒரு பொண்ணு கேமராவுக்கு வரட்டும். விசா, ரூம், எல்லாம் பழைய மாதிரி.”

“செப்டம்பர்ல லீவு கிடைக்குமா சேட்டா?”

“புது ஆள் வர்ற நேரம். எப்படிக் கிட்டும்? அடுத்த மே பார்க்கலாம்.”

மே என்றால் மழை பெய்து முடிந்திருக்கும்.

மூன்று நாளும் நோட்டில் இரண்டு பத்தி போட்டு எழுதினேன். இருந்தால் என்ன, போனால் என்ன. இருந்தால் என்கிற பக்கம் நீளமாக இருந்தது. போனால் என்கிற பக்கத்தில் ஒரு கேள்வியும் எழுதினேன்: தப்பு செய்த இடத்திலிருந்து ஓடுகிறேனா? அதற்கு இன்னும் விடை எழுதவில்லை. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது ஒன்று தெளிவாயிற்று. கபுலா முகத்தைக் காட்ட விரும்பினார், நான் மறைத்தேன். பச்சை உடைக்காரர் மறைக்க விரும்பினார், நான் எடுத்தேன். இரண்டு இடத்திலும் என் கைப்பழக்கத்தைத்தான் கேட்டேன். எதிரே இருந்தவரைக் கேட்கவில்லை. கோவில்பட்டியில் முகம் எடுத்ததும் அப்படித்தான். அங்கே அது சரியாக வந்தது, அவ்வளவுதான்.

வசந்தி அக்காவிடம் சொன்னேன்.

“உமக்கு என்ன விசரே, பிள்ளை? இருக்கிற வேலையை விட்டுட்டு யாராவது காட்டுக்குப் போவினமே?”

“காடு இல்லக்கா. பள்ளிக்கூடம் இருக்கு, மருந்தகம் இருக்கு.”

“ஓம், எல்லாம் இருக்கு. நுளம்பும் இருக்கு, மலேரியாவும் இருக்கு.” கொஞ்ச நேரம் சோற்றைக் கிளறிவிட்டு, “அந்த அம்மா பேசினதைத் திரும்பப் பேசுவாவோ?” என்று கேட்டார்.

“பேசுவேன்னு சொல்லியிருக்காங்க.”

“அப்ப போம். ஆனா மாத்திரை எடுத்துக்கொண்டு போம்.”

அம்மாவிடம் சொல்வது கடினமாக இருந்தது. பெண் பார்க்க வர இருந்த குடும்பம் போன வருடமே வேறு இடம் பார்த்துவிட்டது, இப்போது இன்னொரு குடும்பம் காத்திருக்கிறது. பச்சை உடைக்காரரையும் கபுலாவையும் பற்றி முழுக்கச் சொன்னேன்.

“அந்தப் பொம்பள ஊருக்கு முன்னால நின்னு சொல்லுதேன்னு வந்திருக்கா,” என்றாள் அம்மா. “அவ தலைய வெட்டிட்டியே ஏட்டி.”

“ஆமாம்மா.”

“இந்த வீட்டுக்காரங்ககிட்ட நான் என்னத்தச் சொல்ல?”

“நடந்ததைச் சொல்லு. இருக்கிறவங்க இருக்கட்டும்.”

“நல்லாச் சொன்ன போ.” பிறகு, “அவகளுக்குக் குடுக்க ஒரு போட்டோ உண்டா எங்கிட்ட? ஆறு வருசமா கட்டடமா அனுப்புத. கட்டடத்துக்கு முன்னால ஒரு எறும்பு நிக்கி, அது நீயாம். மூஞ்சி தெரியுற மாதிரி ஒண்ணு அனுப்பு,” என்றாள்.

ஆறு

இன்றைய நிலை:

விசா ரத்துக் காகிதத்தில் நானும் ஜோஸேட்டனும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் தர அவருக்கு மனம் வரவில்லை. ஆகவே ஆறு மாதத்துக்கு இந்த நாட்டில் வேறு வேலைக்கு வர முடியாது. வெளியேற முப்பது நாள் இருக்கிறது. புஜைராக் குடும்பத்துக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதி, அரபியில் தட்டச்சு செய்து, ஸ்டூடியோ வழியாகக் கொடுத்தனுப்பினேன். பதில் இல்லை. அந்த டேப் இருக்கிறதா, அழிக்கப்பட்டதா, தெரியாது. தொண்டு அமைப்பு புரொஜெக்டரை மறுபடியும் தருகிறது, ஜெனரேட்டர் இல்லை. நேமா பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறாள். அதற்குப் பின் என்ன வேலை என்பது முடிவாகவில்லை. பக்கத்துக் கிராமங்களில் வேறு மொழிகளும் உண்டு, வந்து பார் என்று மட்டும் நேமா சொல்கிறாள்.

கபுலா நலமாக இருக்கிறார். புதிய நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரிதான் எழுதியிருக்கிறேன்: எடுக்கும் முன் கேள்.

தான்சானியா விசாவுக்கு இரண்டு புகைப்படம் கேட்டார்கள். கடையில் நான்கு போட்டுத் தந்தார்கள். இரண்டை விண்ணப்பத்தில் ஒட்டினேன். ஒன்றை அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஒன்று மீதி இருக்கிறது, கபுலா என் முகத்தைக் கேட்டால் கொடுக்க.